பையன் கையில் மோட்டார்: வாகனக் காப்புறுதி பற்றிச் சில விளக்கங்கள்



மாலை ஆறு மணிக்குமேல் கோப்பெங் பெரிய சாலையோரம் சற்று நின்று பாருங்கள். ஈப்போ பக்கத்துத் தொழிற்சாலைகளில் வேலை முடிந்து நம் பிள்ளைகள் மோட்டார் சைக்கிளில் திரும்பிக்கொண்டிருப்பார்கள். இரவு வேலைக்காரர்கள் எதிர்ப்பக்கம் போய்க்கொண்டிருப்பார்கள். நடுவில் சிம்பாங் பூலாய்க் கல்லுடைப்புகளிலிருந்து வரும் லோரிகள். இந்தப் பிள்ளைகளின் பாட்டன் பாட்டிமார் விடியற்காலைப் பெரட்டுக்கு லயத்திலிருந்து நடந்தே போனவர்கள். பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டன. ரப்பர் நின்ற இடத்தில் செம்பனை வந்தது. சில இடங்களில் வீடமைப்பு வந்தது. வேலை பத்து, பதினைந்து கட்டை தூரம் தள்ளிப் போய்விட்டது. அந்தத் தூரத்தைக் கடக்க நம் குடும்பங்களுக்குக் கிடைத்த துணை மோட்டார் சைக்கிள். கொஞ்சம் வசதி வந்தால் பழைய கார் ஒன்று.

வண்டி வாங்கும்போது விலையைக் கேட்கிறோம். மாதத் தவணை எவ்வளவு என்று கேட்கிறோம். எண்ணெய் எவ்வளவு குடிக்கும் என்றும் கேட்கிறோம். காப்புறுதியை மட்டும், "கடைக்காரரே பார்த்துக்கொள்வார்" என்று விட்டுவிடுகிறோம். இன்று அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன். அதிலும் குறிப்பாக, காப்புறுதிக் கம்பெனிகள் "ஆபத்து மிகுந்தவர்கள்" என்று கணக்கில் எழுதும் ஓட்டுநர்களைப் பற்றிப் பேசுவேன். அவர்கள் யாரோ அல்லர். பதினேழு, பதினெட்டு வயதில் "பி" ஒட்டிய வண்டியில் வேலைக்குப் போகும் நம் வீட்டுப் பிள்ளைகள்தாம்.

முதலில் நான் நேரில் அறிந்த ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தகப்பனார் கையில் ஒரு கடிதத்துடன் என் வீட்டுக்கு வந்தார். அவருடைய மகன் என்னிடம் படித்தவன். "ஐயா, இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க" என்றார். மலாய் மொழியில் ஒரு வழக்கறிஞர் அனுப்பிய கடிதம் அது. வாசிக்க வாசிக்க எனக்கே வாய் உலர்ந்துவிட்டது.

நடந்தது இதுதான். அவர் தமக்குத் தெரிந்த ஒருவரிடம் ரொக்கம் கொடுத்துப் பழைய மோட்டார் ஒன்றை வாங்கியிருந்தார். பெயர் மாற்றவில்லை. சாலை வரியும் காப்புறுதியும் முடிந்து எட்டு மாதமாகியிருந்தது. "தோட்டத்துக்குள்ளேதானே ஓட்டுகிறோம்" என்று புதுப்பிக்காமல் விட்டுவிட்டார். ஆனால் எந்தத் தோட்டத்து மண்சாலையும் ஓரிடத்தில் பெரிய சாலையில் போய்த்தானே சேருகிறது? ஒரு ஞாயிற்றுக்கிழமை, லைசென்ஸ் இல்லாத பதினாறு வயது மகன் அந்த மோட்டாரில் கடைக்குப் போனான். சாலை சேரும் முனையில், சைக்கிளில் வந்த ஒரு பெரியவரை மோதிவிட்டான். பையனுக்கு முழங்கையில் சிராய்ப்பு. பெரியவருக்குத் தொடை எலும்பு முறிந்தது. அவரும் முப்பது வருடம் பால்மரம் வெட்டியவர்.

அந்தப் பெரியவர் அதன்பிறகு ஊன்றுகோல் இல்லாமல் நடக்கவில்லை. அவருடைய பிள்ளைகள் இழப்பீடு கேட்டார்கள். அது அவர்களுடைய உரிமை. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கொடுப்பதற்குக் காப்புறுதி இல்லை. மகளைக் கல்லூரியில் சேர்க்க வைத்திருந்த பணம் போயிற்று. மனைவியின் நகைகள் அடகுக் கடைக்குப் போயின. அப்படியும் பெரியவருக்கு நியாயமான தொகை கிடைக்கவில்லை. இரண்டு குடும்பங்கள் நொடித்துப் போயின. அந்த ஆண்டு அந்தத் தகப்பனார் கட்டாமல் விட்ட காப்புறுதித் தொகை, மோட்டாருக்கு இரண்டு டயர் மாற்றும் செலவுகூட இல்லை.

நேயர்களே, இந்தச் சம்பவத்திலேயே காப்புறுதியின் பொருள் அடங்கியிருக்கிறது. பலர் அது நம் வண்டிக்கு என்று நினைக்கிறார்கள். "இந்தப் பழைய வண்டிக்குக் காப்புறுதி எதற்கு?" என்று கேட்கிறார்கள். சட்டம் கட்டாயமாகக் கேட்கும் காப்புறுதி நம் வண்டிக்கு அன்று. நம் வண்டியால் அடிபடக்கூடிய இன்னொரு மனிதருக்கு. பழைய மோட்டார் மோதினாலும் எலும்பு முறியத்தான் செய்யும்.

இந்த எண்ணம் சட்டமாக வந்த வரலாறு சுருக்கமாக இது. மோட்டார் வண்டிகள் பெருகியபோது, அடிபட்டவர் வழக்கில் வென்றாலும், மோதியவர் கையில் காசில்லாவிட்டால் அவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அதனால் இங்கிலாந்தில் 1930ஆம் ஆண்டுச் சட்டம் மூன்றாம் நபர் காப்புறுதியைக் கட்டாயமாக்கியது. இந்தியாவில் 1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி 1946 முதல் அது கட்டாயமாயிற்று. நம் நாட்டில் 1958ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தில் இந்த விதி இருந்தது. இன்று நடப்பில் இருப்பது 1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டம். அதன் 90ஆம் பிரிவு, மூன்றாம் நபர் காப்புறுதி இல்லாமல் வாகனத்தை ஓட்டுவதும் குற்றம், பிறரை ஓட்ட அனுமதிப்பதும் குற்றம் என்கிறது. அபராதம் 1,000 வெள்ளி வரை, அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அதோடு பன்னிரண்டு மாதம் லைசென்சும் பறிபோகக்கூடும். "பிறரை ஓட்ட அனுமதிப்பது" என்ற சொற்களைப் பெற்றோர்கள் கவனிக்க வேண்டும். சாவியைக் கொடுத்தவரும் பொறுப்பாளிதான்.

காப்புறுதி இல்லாமல் சாலை வரி புதுப்பிக்க முடியாது என்பது உங்களுக்குத் தெரியும். முன்பெல்லாம் சாலை வரி வில்லை வண்டியிலேயே ஒட்டியிருக்கும்; முடியும் தேதி கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். 2023 முதல் சொந்த வாகனங்களுக்கு அதை ஒட்டவேண்டியதில்லை, கைத்தொலைபேசியில் பார்த்துக்கொள்ளலாம். வசதிதான். ஆனால் தேதி மறந்துபோவதும் அதனால் எளிதாகிவிட்டது. வீட்டு நாள்காட்டியில் அந்தத் தேதியைச் சிவப்பு மையால் வட்டமிட்டு வையுங்கள்.

காப்புறுதி எப்படி வேலை செய்கிறது என்பதைப் புரிந்துகொள்ள நமக்கு ஏட்டுப் படிப்பு வேண்டியதில்லை. தோட்டங்களில் நாம் நடத்திய மரண சகாய நிதியை எண்ணிப் பாருங்கள். மாதம் வீட்டுக்கு இவ்வளவு என்று எல்லாரும் கொடுத்தோம். எந்த வீட்டில் துக்கம் நேர்ந்ததோ அந்த வீட்டுக்கு அந்தப் பணம் போயிற்று. கொடுத்த பணம் திரும்ப வரவில்லையே என்று யாரும் அழவில்லை. வராதவரையில் நல்லதுதான் என்று இருந்தோம். காப்புறுதியும் அதே கூட்டுப் பணம்தான். ஒரே ஒரு வேறுபாடு உண்டு. சகாய நிதியில் எல்லாரும் ஒரே தொகை கொடுத்தார்கள். வாகனக் காப்புறுதியில், யாரால் செலவு அதிகம் வரக்கூடுமோ அவரிடம் அதிகம் கேட்கிறார்கள்.

காப்புறுதியில் மூன்று வகை முக்கியம். முதலாவது மூன்றாம் நபர் காப்புறுதி. இது உங்கள் வண்டியால் பிறருக்கு நேரும் மரணம், காயம், பொருள் சேதம் ஆகியவற்றுக்கு. உங்கள் வண்டிக்கு ஒன்றும் கிடைக்காது. இரண்டாவது, அதோடு உங்கள் வண்டி தீப்பிடித்தாலும் திருடு போனாலும் இழப்பீடு கிடைக்கும் வகை. மூன்றாவது முழுக் காப்புறுதி. இதில் உங்கள் வண்டிக்கு நேரும் விபத்துச் சேதமும் சேரும். தக்காஃபுல் முறையிலும் இதே வகைகள் உண்டு.

இங்கே தாய்மார்களுக்கு ஒரு முக்கியமான செய்தி. கணவர் ஓட்ட, மனைவி பின்னால் அமர்ந்து, நடுவில் ஒரு குழந்தை. இது நம்மிடையே அன்றாடக் காட்சி. கணவருடைய தவறால் வண்டி விழுந்து மனைவிக்கு அடிபட்டால், காப்புறுதி கொடுக்குமா? சாதாரணமாகக் கொடுக்காது. சொந்த வாகனத்தில் கூலியில்லாமல் ஏற்றிச் செல்லப்படும் பயணிக்கும், பின்னால் அமர்ந்திருப்பவருக்கும் காப்பு எடுக்கவேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. தவறு எதிர் வண்டிக்காரருடையது என்றால், அவருடைய காப்புறுதியிலிருந்து கேட்கலாம். தவறு நம்முடையதானால் வழியில்லை. காருக்குப் பயணிகள் பொறுப்புக் காப்பு என்று கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளலாம். மோட்டார் சைக்கிளுக்கு, ஓட்டுபவருக்கும் பின்னால் அமர்பவருக்கும் தனிநபர் விபத்துக் காப்புறுதி கிடைக்குமா என்று ஏஜெண்டிடம் கேளுங்கள். நம் நாட்டுச் சாலைகளில் இறப்பவர்களில் நூற்றுக்கு அறுபதுக்கு மேற்பட்டவர்கள் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். ஆகவே இது ஆடம்பரச் செலவு அன்று.

இனி, "ஆபத்து மிகுந்த ஓட்டுநர்" யார் என்று பார்ப்போம்.

முதலில் வயது குறைந்தவர், அனுபவம் குறைந்தவர். மோட்டார் சைக்கிள் லைசென்ஸ் எடுக்கப் பதினாறு வயது, காருக்குப் பதினேழு. தேர்வில் தேறிய பிறகு இரண்டு ஆண்டுகள் "பி" லைசென்ஸ்தான். இந்த இரண்டு ஆண்டுகளிலேயே விபத்து நேரும் வாய்ப்பு அதிகம் என்பது உலகெங்கும் கண்ட உண்மை. அடுத்து, முன்பு விபத்து செய்து இழப்பீடு வாங்கியவர். மூன்றாவது, சாலைக் குற்றங்களுக்காக அடிக்கடி சம்மன் வாங்கியவர். நான்காவது, வண்டியைப் பொறுத்தது. மிகப் பழைய வண்டி, அடிக்கடி திருடு போகும் வகை வண்டி ஆகியவற்றுக்குக் கம்பெனிகள் தயங்குகின்றன. இளைஞர்கள் ஆசைப்படும் சில மோட்டார்களே திருடர்களும் ஆசைப்படுபவை. அவற்றுக்கு முழுக் காப்புறுதி கிடைப்பதே கடினம்.

இந்தத் தயக்கத்துக்கு ஒரு காரணம் உண்டு. நம் நாட்டில் வாகனக் காப்புறுதி விலை 1978 முதல் 2012 வரை ஏறத்தாழ மாறாமலே இருந்தது. ஆனால் மருத்துவச் செலவும் நீதிமன்ற இழப்பீடும் ஏறிக்கொண்டே போயின. மூன்றாம் நபர் காப்புறுதியில் கம்பெனிகளுக்கு நட்டம். அதனால் மோட்டார் சைக்கிள், லோரி, டாக்சி, பழைய வண்டி என்றால் பல கம்பெனிகள் கையை விரித்தன. யாரும் ஏற்காத வண்டிகளுக்காக எல்லாக் கம்பெனிகளும் சேர்ந்து 1992இல் மலேசிய மோட்டார் காப்புறுதிக் கூட்டு நிதியம் ஒன்றை ஏற்படுத்தின. எங்கும் காப்புறுதி கிடைக்கவில்லை என்பவர் அங்கே கேட்கலாம். விலை கூடுதலாக இருக்கலாம். ஆனாலும் வழி இருக்கிறது. "யாரும் கொடுக்கவில்லை, அதனால் எடுக்கவில்லை" என்று சொல்வதற்கு இடமில்லை.

2012 முதல் விலை படிப்படியாக ஏற்றப்பட்டது. 2017 ஜூலை முதல் முழுக் காப்புறுதிக்கும், தீ, திருட்டு சேர்ந்த காப்புறுதிக்கும் ஒவ்வொரு கம்பெனியும் தானே விலை வைக்கலாம் என்று பேங்க் நெகாரா அனுமதித்தது. அன்று முதல் ஓட்டுநரின் வயது, முந்திய விபத்துகள், வண்டியின் வகை, இருக்கும் இடம் ஆகியவற்றைப் பார்த்து ஒரே வண்டிக்கு ஒரு கம்பெனி ஒரு விலையும், இன்னொரு கம்பெனி வேறு விலையும் கேட்கின்றன. ஆகவே ஆபத்து மிகுந்தவர் என்று கணக்கிடப்படுபவர் ஒரே ஏஜெண்டிடம் நின்றுவிடக் கூடாது. மூன்று இடத்திலாவது விலை கேட்கவேண்டும். அஞ்சலகத்திலும் கேட்கலாம்.

விலை எப்படி ஏறி இறங்குகிறது என்பதை ஒரு கணக்கின் மூலம் காட்டுகிறேன். பென்சில் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். 2017க்கு முன் எல்லாருக்கும் பொதுவாக இருந்த விலையையே அளவுகோலாக வைத்துக்கொள்வோம். 1,400 சிசிக்கு மேற்படாத ஒரு காருக்கு, தீபகற்பத்தில், முதல் 1,000 வெள்ளி மதிப்புக்கு 273 வெள்ளி 80 காசு. அதற்கு மேலுள்ள ஒவ்வொரு 1,000 வெள்ளிக்கும் 26 வெள்ளி. காரின் மதிப்பு 20,000 வெள்ளி என்றால், 273.80உடன் பத்தொன்பது முறை 26, அதாவது 494ஐக் கூட்டவேண்டும். மொத்தம் 767 வெள்ளி 80 காசு.

இது புதிதாகத் தொடங்குபவர் கொடுக்கும் தொகை. ஓராண்டு இழப்பீடு கோராமல் ஓட்டினால் அடுத்த ஆண்டு நூற்றுக்கு 25 கழிவு. இதைத்தான் ஏஜெண்டுகள் "என்சிடி" என்கிறார்கள். இரண்டாம் ஆண்டு 30. மூன்றாம் ஆண்டு 38.33, நான்காம் ஆண்டு 45, ஐந்தாம் ஆண்டு முதல் 55. ஐந்து ஆண்டு ஒழுங்காக ஓட்டியவர் அதே காருக்குக் கொடுப்பது 345 வெள்ளி 51 காசுதான். மோட்டார் சைக்கிளுக்கு இந்தக் கழிவு 15, 20, 25 என்று மூன்று படிகள். இந்தக் கழிவு வண்டிக்குச் சொந்தமில்லை, உங்களுக்குச் சொந்தம். பழைய காரை விற்றுப் புதிய கார் வாங்கினால் அதை மாற்றிக்கொள்ளலாம். காப்புறுதித் தொகையோடு நூற்றுக்கு 8 சேவை வரியும் பத்து வெள்ளி முத்திரைத் தீர்வையும் சேரும்.

இப்போது மறுபக்கத்தைப் பாருங்கள். 55 கழிவு பெற்ற ஒருவர் தம் தவறால் ஒரு கம்பத்தில் இடித்துவிட்டு, 500 வெள்ளி பழுதுக்காகத் தம் காப்புறுதியில் இழப்பீடு கோருகிறார் என்று வைத்துக்கொள்வோம். கழிவு முழுவதும் போய்விடும். மறுபடி ஏணியின் அடிப்படியிலிருந்து ஏறவேண்டும். காரின் மதிப்பு மாறாமலிருந்தால், முதலாண்டு 422 வெள்ளி கூடுதல். இரண்டாம் ஆண்டு 230. மூன்றாம் ஆண்டு 192. நான்காம் ஆண்டு 128. ஐந்தாம் ஆண்டு 77. எல்லாம் சேர்த்தால் ஏறத்தாழ 1,049 வெள்ளி. 500 வெள்ளி வாங்குவதற்கு 1,049 வெள்ளி கொடுக்கிறார்! சிறு பழுதுக்குக் கைக்காசு கொடுப்பதே லாபம் என்பது இதனால் தெரிகிறது. தவறு எதிராளியுடையது என்றால், உங்கள் கம்பெனியிடமே கோரியும் கழிவை இழக்காமலிருக்க வழி உண்டு. அதைக் கேட்டுப் பெறுங்கள். ஆனால் ஒருவருக்குக் காயம் பட்டிருந்தால் இந்தக் கணக்கையெல்லாம் போடக்கூடாது. "நமக்குள்ளே பேசி முடித்துக்கொள்வோம்" என்று மறைக்கக் கூடாது. உடனே தெரிவிக்க வேண்டும்.

இன்னொரு செலவும் உண்டு. முழுக் காப்புறுதி எடுத்த சொந்தக் காரை இருபத்தொரு வயதுக்குக் குறைந்தவரோ, "எல்" அல்லது "பி" லைசென்ஸ் வைத்திருப்பவரோ, பத்திரத்தில் பெயர் குறிக்கப்படாதவரோ ஓட்டி விபத்து நேர்ந்தால், பழுதுச் செலவில் முதல் 400 வெள்ளியை நாமே ஏற்கவேண்டும். கம்பெனி அதற்கு மேல்தான் கொடுக்கும். மகனோ மகளோ காரை எடுக்கிறார்கள் என்றால், அவர்கள் பெயரைப் பத்திரத்தில் எழுதச் சொல்லுங்கள். அதற்கு ஆகும் செலவு மிகச் சிறியது.

விலையைக் குறைக்க நம்மில் சிலர் செய்யும் குறுக்கு வழிகளையும் சொல்லவேண்டும். இவைதாம் பெரிய ஆபத்து.

ஒன்று, பெயர் மாற்றாமல் வண்டி வாங்குவது. விற்றவர் பெயரில் இருக்கும் காப்புறுதி, விற்ற பிறகு உங்களைக் காக்கும் என்று நம்பக்கூடாது. வண்டி அவருடையதுமில்லை, பத்திரம் உங்களுடையதுமில்லை. வாங்கிய உடனே சாலைப் போக்குவரத்து இலாகாவில் பெயரை மாற்றி, உங்கள் பெயரில் காப்புறுதி எடுங்கள்.

இரண்டு, பொய் சொல்வது. முழுநேரமும் ஓட்டப்போகிறவன் பதினெட்டு வயது மகன்; ஆனால் "நான்தான் ஓட்டுகிறேன்" என்று தகப்பனார் எழுதிக் கொடுப்பது. முன்பு நேர்ந்த விபத்தை மறைப்பது. 2013ஆம் ஆண்டு நிதிச் சேவைச் சட்டத்தின்படி, கம்பெனி கேட்கும் கேள்விகளுக்குக் கவனமாக உண்மையைச் சொல்லும் கடமை நமக்கு உண்டு. வேண்டுமென்றே பொய் சொன்னது தெரிந்தால், கம்பெனி பத்திரத்தையே செல்லாததாக்கலாம். பல ஆண்டு கட்டிய பணமும் வேண்டிய நாளில் உதவாமல் போகும்.

மூன்று, லைசென்ஸ் இல்லாதவர் கையில் கொடுப்பது. காப்புறுதிப் பத்திரம் லைசென்ஸ் உள்ளவரையே ஏற்றுக்கொள்கிறது. லைசென்ஸ் இல்லாத பிள்ளை ஒருவரை மோதிவிட்டால், கம்பெனி அடிபட்டவருக்குக் கொடுக்க நேர்ந்தாலும், பிறகு அந்தப் பணத்தை உங்களிடம் திருப்பிக் கேட்கலாம். சில வேளை பொறுப்பையே மறுத்து நீதிமன்றம் போகலாம். "லைசென்ஸ் எடுக்கப் பணமில்லை" என்கிறவர்களுக்கு ஒரு சொல். குறைந்த வருமானக் குடும்பத்து இளைஞர்கள் இலவசமாக மோட்டார் சைக்கிள் லைசென்ஸ் எடுக்க, "மைலெசென்" என்ற பெயரில் போக்குவரத்து அமைச்சு உதவி செய்திருக்கிறது. எப்போது விண்ணப்பம் திறக்கிறது என்று சாலைப் போக்குவரத்து இலாகாவிலோ சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையத்திலோ விசாரியுங்கள்.

நான்கு, சொந்த உபயோகம் என்று காப்புறுதி எடுத்துவிட்டு அந்த மோட்டாரில் கூலிக்கு உணவோ பொட்டலமோ கொண்டுபோவது. இன்று பல இளைஞர்களுக்கு இதுவே பிழைப்பு. தவறில்லை. ஆனால் அந்த வேலைக்கு ஏற்ற காப்பு இருக்கிறதா என்று கேட்டு எடுக்கவேண்டும்.

ஐந்து, குடித்துவிட்டு ஓட்டுவது. இதை விரித்துச் சொல்லவேண்டியதில்லை. நம் லயங்களில் இது எத்தனை தாலியை அறுத்திருக்கிறது என்று நமக்கே தெரியும். 2020இல் சட்டம் மேலும் கடுமையாயிற்று. குடிபோதையில் ஓட்டி மரணம் விளைவித்தால் பத்து முதல் பதினைந்து ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 100,000 வெள்ளி வரை அபராதம். அதோடு, குடித்து ஓட்டியவருடைய வண்டிச் சேதத்துக்குக் கம்பெனி கொடுக்காது.

விபத்து நேர்ந்துவிட்டால் என்ன செய்வது? அடிபட்டவரைக் கவனிப்பது முதல் கடமை. இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் அருகிலுள்ள போலீஸ் நிலையத்தில் புகார் செய்யவேண்டும். எதிர் வண்டியின் எண்ணைக் குறித்துக்கொள்ளவேண்டும். உங்கள் காப்புறுதிக் கம்பெனிக்கும் தாமதமின்றி எழுத்தில் தெரிவிக்கவேண்டும். நாம் அடிபட்டவராகி, மோதியவரிடம் காப்புறுதி இல்லையென்றாலும் மனம் தளரவேண்டாம். அப்படிப்பட்டவர்களுக்காக 1968 முதல் மேற்கு மலேசிய மோட்டார் காப்புறுதியாளர் கழகம் என்ற அமைப்பு இருக்கிறது. அதற்கு விதிமுறைகள் உண்டு. வழக்கறிஞரின் உதவியோடு அணுகவேண்டும். காலம் கடத்தக்கூடாது. உயிரிழப்பு வழக்குகளில் குடும்பத்தாருக்குச் சட்டம் கொடுக்கும் காலம் மூன்று ஆண்டுதான். வேலைக்குப் போகும் வழியிலோ வேலை முடிந்து திரும்பும் வழியிலோ விபத்து நேர்ந்தால், சொக்சோ என்று நாம் சொல்லும் பெர்கேசோவிலிருந்தும் தொழிலாளிக்கு உதவி உண்டு. பலர் இதைக் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். கம்பெனி நியாயமில்லாமல் இழப்பீட்டை மறுத்தால், முதலில் அந்தக் கம்பெனியிலேயே எழுத்து மூலம் முறையிடுங்கள். அப்படியும் தீராவிட்டால், 2025 முதல் இயங்கிவரும் நிதிச் சந்தை முறையீட்டு மையத்துக்குக் கொண்டுபோகலாம்.

நேயர்களே, இவ்வளவு நேரம் சொன்னதன் சாரம் இதுதான். இளைஞனாக இருப்பதோ, புதிதாக ஓட்டுவதோ குற்றமில்லை. அதற்காகக் கேட்கும் கூடுதல் பணம் நம் கண்ணுக்குத் தெரிகிறது. ஆண்டுக்கு ஆண்டு அது குறைந்தும் வருகிறது. ஒழுங்காக ஓட்டும் பிள்ளைக்கு ஐந்து ஆண்டில் பாதிக்கும் குறைவாகிவிடுகிறது. மறைத்த ஆபத்துக்கோ விலை முன்கூட்டித் தெரியாது. அது வரும் நாளில் வீட்டையே கேட்கும். என் வீட்டு வாசலில் கடிதத்தோடு நின்ற அந்தத் தகப்பனாருக்கு நேர்ந்தது அதுதான்.

தாய்மார்களே, பிறப்புப் பத்திரங்களை வைக்கும் அந்தப் பழைய பிஸ்கட் டின்னை இன்றிரவு திறந்து பாருங்கள். வண்டிப் பதிவு யார் பெயரில் இருக்கிறது? காப்புறுதி எந்தத் தேதியில் முடிகிறது? பத்திரத்தில் பையனுடைய பெயர் இருக்கிறதா? மலாயிலோ ஆங்கிலத்திலோ இருப்பது புரியாவிட்டால், பள்ளிக்கூடம் போகும் பிள்ளையை வாசிக்கச் சொல்லுங்கள். அல்லது பக்கத்துப் பள்ளி ஆசிரியரிடம் கொண்டுபோங்கள். வழக்கறிஞர் கடிதத்தை வாசித்துச் சொல்வதைவிட, காப்புறுதிப் பத்திரத்தை வாசித்துச் சொல்வது எங்களுக்கு எவ்வளவோ மகிழ்ச்சி.

அந்தப் பையன் இப்போது வளர்ந்துவிட்டான். முறையாக லைசென்ஸ் எடுத்து, தன் பெயரில் காப்புறுதி கட்டி, வேலைக்குப் போய்வருகிறான். சம்பள நாளில் அந்தப் பெரியவருக்கு ஒரு பால் டின்னும் கொஞ்சம் பழமும் வாங்கிக்கொண்டு போவதை நான் பார்த்திருக்கிறேன். சட்டம் அவனிடம் அதைக் கேட்கவில்லை.